அரிசி டப்பாவுக்குள் அம்மாவின் போன்: விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். மொரீஷியஸ், ரோஸ்ஹில்லிலிருந்து எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் இங்கே அரசியல்வாதிகள், செய்தியாளர்கள், வழக்கறிஞர்கள் பேசிய போன் உரையாடல்கள் வரிசையாகக் கசிந்தன. நவம்பர் 1ஆம் தேதி சமூக ஊடகங்களையே முடக்கினார்கள். மறுநாளே திறந்தும் விட்டார்கள். பிறகு தேர்தலில் ஆட்சி மாறியது. அம்மாவின் பயம் மட்டும் மாறவில்லை.

வீட்டு விஷயம் பேசுவதென்றால் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். பெரியம்மாவை அழைத்தால் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலை விட்டுத் தட்டுத்தடுமாறித் தமிழில் பேசுகிறார். கேட்டால், "ஒட்டுக்கேட்கிறவனுக்குத் தமிழ் தெரியாதே!" என்கிறார். (பத்து வருடம் நான் கெஞ்சியும் தமிழ் பேசாதவர்.)

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் போனில் பேசுவது பத்திரமா என்று காவடிக் குழுப் பெரியவர்களும் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். வாட்ஸப் பேச்சு பூட்டி அனுப்பப்படுவதால் வழியில் மறித்தாலும் புரியாது, சாதாரண அழைப்புக்கு அந்தப் பூட்டு இல்லை என்றேன். "அப்படியானால் வாட்ஸப்பில் எல்லாமே பத்திரமா?" என்று மடக்கினார்கள். யார் யாரிடம் எப்போது பேசினார் என்ற விவரம் அதிலும் மறைவதில்லை. செய்திகளின் காப்பு நகலை (பேக்கப்) தனியாகப் பூட்ட வேண்டும். இதை எழுபது வயதுக்காரருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வரவில்லை.

தொலைத்தொடர்புத் துறையில் இருப்பவர் யாராவது ஒரு ஞாயிறு மாலை கோயில் மண்டபத்துக்கு வந்து அரை மணி நேரம் பேச முடியுமா? தமிழோ கிரியோலோ, எதுவானாலும் சரி. வர இயலாதவர்கள் ஒலிப்பதிவு அனுப்பினாலும் போதும்.