மறு: ‘சப்ஜெக்ட் ஹெட்டிங்’ – பொருட்டலைப்பா, தலைப்பெயரா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ஒரே விஷயத்தைப் பற்றிய நூல்களையும் கட்டுரைகளையும் சேர்த்துத் தேட, நூலகப் பட்டியலில் வைக்கும் பொதுப் பெயர்தான் ‘சப்ஜெக்ட் ஹெட்டிங்’. மாணவர் கையேட்டுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘பொருட்தலைப்பு’ என்பதில் என்ன குறை? நூலகத் துறையில் ஏற்கெனவே புழங்குகிறதே.

புழங்குகிறது ஐயா, பிழையாகப் புழங்குகிறது. பொருள் + காட்சி, பொருட்காட்சி ஆவது சரி. தகரம் வந்தால் இரண்டும் டகரமாகி ‘பொருட்டலைப்பு’ என்றுதான் புணர வேண்டும். அதை எங்கள் மாணவர்கள் ‘பொருட்டு அலைப்பு’ என்று பிரித்து வாசிப்பார்கள். தேடி அலைகிறவர்களுக்கு அதுவும் பொருத்தம்தான், ஆனால் கையேட்டில் போட முடியாது. ‘பொருள் தலைப்பு’ என்று இடம் விட்டு எழுதித் தப்பிக்கலாம். அப்போதும், கட்டுரையின் தலையில் இருப்பதையும் தலைப்பு என்றுதானே சொல்கிறோம்? முதலாண்டுப் பிள்ளைகளிடம் ‘தலைப்பில் தேடு’ என்றால் டைட்டிலில் தேடுகிறார்கள்.

எனக்கு ஏன் இந்த அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். வேலூரில் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு, பேச்சு, கேள்வித் துறைப் பட்டப்படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி. மாணவர்கள் வருவார்கள். போன மாதம் ஒரு மாணவி, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ‘பெரா’ என்று தட்டிவிட்டு விழித்துக்கொண்டிருந்தாள். காதில் கிளிக் ஒலி கொடுத்து, தலையில் எலக்ட்ரோடு ஒட்டி, செவி நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரை சமிக்ஞை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கும் சோதனை அது. பச்சைக்குழந்தைக்குத் தூக்கத்திலேயே எடுக்கலாம். நம் ஊர் மருத்துவமனைகளில் அதற்குப் பெரா என்றுதான் பெயர். வெளிநாட்டுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஏ.பி.ஆர். அவள் திரையிலோ பேரா என்ற குடும்பப்பெயர் கொண்டவர்கள் எழுதிய கட்டுரைகள் வரிசை கட்டி நின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே நாலு எழுத்து. காதுக்கும் அந்தக் கட்டுரைகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்தச் சோதனைக்கு மெஷ் (மெடிக்கல் சப்ஜெக்ட் ஹெட்டிங்ஸ்) பட்டியலில் உள்ள பெயர் ‘எவோக்ட் பொடென்ஷியல்ஸ், ஆடிட்டரி, பிரெய்ன் ஸ்டெம்’. நடுவில் கமா போட்டு, பின்னால் வரவேண்டியது முன்னால் நிற்கும் பழைய அட்டைப் பட்டியல் நடை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் வைத்திருக்கும் பட்டியல் இது. எழுதியவர் பெரா என்று எழுதியிருந்தாலும் ஏ.பி.ஆர். என்று எழுதியிருந்தாலும், கட்டுரை அந்தச் சோதனையைப் பற்றியது என்றால் இந்த ஒரே பெயரை அதன்மேல் ஏற்றிவிடுவார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஆம்பூர், அதனால் ஆம்பூரை வைத்தே விளக்கினேன். அங்கத்திய தோல் பதனிடும் தொழிலைப் பற்றிப் பழைய அறிக்கை வேண்டுமானால் வட ஆற்காடு என்று தேட வேண்டும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்த பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்புறம் வேலூர் மாவட்டம். 2019இலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. இந்த நாலையும் யாராவது ஒரே பெயரின் கீழ் கட்டி வைத்திருந்தால் எப்படி இருக்கும், அந்த ஆள்தான் மெஷ் என்றேன். “வீட்ல ஆயிரம் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஆதார்ல ஒரு பேர்தானே சார், அது மாதிரியா?” என்றாள். என் உவமையைவிட அது நறுக்கென்று இருந்தது.

> ‘கட்டுப்படுத்தப்பட்ட சொற்களஞ்சியம்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன?

‘கன்ட்ரோல்டு வொகாபுலரி’யின் நேர் மொழிபெயர்ப்பு அது, சொற்களுக்கு விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றுகிற மாதிரி இருக்கிறது. மன்னிக்கவும், இது வேண்டாம்.

நம் குழுவின் திருவண்ணாமலை அம்மா சொன்ன ‘நிகண்டுச்சொல்’ எனக்கு ரொம்பப் பிடித்தது. யானைக்கு உள்ள பெயரையெல்லாம் அடுக்கி, கடைசியில் ‘யானையின் பெயர்’ என்று முடிச்சுப் போடுவது கிட்டத்தட்ட இதே வேலைதான். ஆனால் களிறு என்று எழுதாதே, யானை என்றே எழுது என்று நிகண்டு யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. மெஷ், கட்டுரைக்குப் பெயர் ஏற்றும்போது கட்டாயப்படுத்துகிறது. அந்த அதிகாரம் சொல்லில் தெரிய வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: தலைப்பெயர். அதற்குள் அடங்கும் வேறு வழக்குகள் மறுபெயர். தலைப்பெயருக்குக் கீழே பிரிந்து போகும் நுண்ணிய வகைகள் கிளைப்பெயர். நரம்புவழிக் கேள்விக்குறைபாட்டின் (உட்காது, செவி நரம்புக் கோளாறால் காது கேளாமை) கீழே இரைச்சலால் வருவது ஒரு கிளை, முதுமையில் வருவது இன்னொரு கிளை. பப்மெட்டில் மேலே உள்ளதைத் தேடினால் கிளைகளும் தாமே சேர்ந்து வரும். ஆங்கிலத்தில் இதற்கு ‘எக்ஸ்ப்ளோட்’ என்று பெயர். அதற்காக யாரோ ‘வெடித்தேடல்’ என்று எழுதியிருந்தீர்கள். மருத்துவமனை வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல முடியுமா? ‘கிளையோடு தேடு’ போதும்.

இரைச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. தோல் பதனிடும் டிரம் ஓடும் ஷாப்பில் இருப்பதும் இரைச்சல், நோயாளி “காதுல ஒரே இரைச்சலா இருக்கு டாக்டர்” என்று சொல்வதும் இரைச்சல். முன்னது வெளியே உள்ள சத்தம், பின்னது வெளியே சத்தமில்லாமலே காதுக்குள் கேட்கும் டினிட்டஸ். தமிழில் தலைப்பெயர்ப் பட்டியல் போடும் நாள் வந்தால் முதல் தகராறு இங்கேதான்.

> தலைப்பெயர் தெரிந்தால் போதுமா? பிறகு குறிச்சொல் (கீவேர்டு) எதற்கு?

போதாது. பப்மெட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்த கட்டுரையில் மெஷ் இன்னும் ஏறாமல் இருக்கலாம், அதற்குக் குறிச்சொல்தான் கைகொடுக்கும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு தேடும்போதும் அப்படித்தான். அங்கே பெரா, ஏ.பி.ஆர். என்று எல்லா மறுபெயரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, கேள்வி நிறுவனத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியத்தையும் விடக் கூடாது. முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகள் அங்கே உண்டு, தென்னிந்திய மொழிகளில் செய்த பேச்சுக் கேட்புச் சோதனைகளுக்கு நான் முதலில் அனுப்புவது அங்கேதான். பப்மெட்டுக்குக் காசு கிடையாது, 1997இலிருந்தே இலவசம். எங்கள் டாட் நினைவு நூலகத்தில் உட்கார்ந்து தேடினாலும் ஆம்பூர் வீட்டில் போனில் தேடினாலும் பட்டியல் ஒன்றுதான். முழுக் கட்டுரையைத் திறக்கும்போதுதான் நூலகச் சந்தாவின் அருமை தெரியும். சந்தா இல்லாதவர்கள் முதலில் முழுக் கட்டுரையை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கே இருக்கிறது. இனிஷியலைத் தலைப்பெழுத்து என்கிறோம், தலைப்பெயர் என்றதும் யாராவது அந்தப் பக்கம் போய்விடுவார்களோ? மாணவர்கள் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருத்தி ‘இல்லை’ என்றாள். இன்னொருவன், “தலைப்பெழுத்துன்னா என்ன சார்?” என்றான்.

கையேடு புதன்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் செவ்வாய் இரவுக்குள் எழுதுங்கள்.