தலையடை, இசைவுச் சங்கிலி: இரண்டு சொற்களுக்கான முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

எஞ்சின் உறுப்புகளான ஹெட் கேஸ்கெட், டைமிங் செயின் இரண்டுக்கும் நீங்கள் அனுப்பிய தமிழ்ச் சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். பழைய பிக்கப் ஒன்றின் எஞ்சினைப் பிரித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சில சொற்கள் முதல் நாளே உதிர்ந்தன. சில, வேலை நடக்க நடக்க உறுதிப்பட்டன. அப்படி மிஞ்சியவை 'தலையடை', 'இசைவுச் சங்கிலி' என்ற இரண்டும். காரணங்களை எழுதுகிறேன்; ஒப்பாதவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

முதலில், 'கேஸ்கெட் என்றே எழுதிவிட்டுப் போகலாமே' என்று கேட்ட நண்பருக்கு. வால்வு, பிஸ்டன், சிலிண்டர், ரேடியேட்டர் ஆகியவற்றை நானும் அப்படியேதான் எழுதுகிறேன். அவை குழப்பம் தருவதில்லை. கேஸ்கெட்டின் கதை வேறு. பட்டறையில் அதைப் பலரும் 'பேக்கிங்' என்றுதான் சொல்கிறார்கள். சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமும் சிலருக்குப் பேக்கிங்தான். ஓ வடிவ வளையமான ஓ ரிங்கும் பேக்கிங்தான். பொருளைக் கையில் எடுத்துக் காட்டிப் பேசும்போது இதனால் கெடுதல் இல்லை. எழுத்தில் காட்டுவதற்குக் கை கிடையாது. 'முன்பக்கப் பேக்கிங்கை மாற்றவும்' என்று கையேட்டில் எழுதினால், படிப்பவர் சங்கிலியை மறைக்கும் முன்மூடிக்கு அடியில் இருப்பதை மாற்றுவாரா, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முனையில் இருப்பதை மாற்றுவாரா? இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பூட்டினால், கசிவைக் கண்டபின் மறுபடியும் பிரிக்க வேண்டும். சுழலும் தண்டின் ரப்பர் வளையமான 'ஆயில் சீல்' என்பதை 'எண்ணெய் முத்திரை' என்று மொழிபெயர்த்த பக்கம் ஒன்றையும் அண்மையில் பார்த்தேன். முத்திரை குத்துவதற்கும் கசிவை அடைப்பதற்கும் என்ன உறவு? அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டுவதால் வரும் வினை இது.

ஹெட் கேஸ்கெட் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். எஞ்சின் கட்டைக்கும் (பிளாக்) அதன்மேல் பூட்டும் சிலிண்டர் தலைக்கும் (ஹெட்) நடுவே அது நசுங்கிக் கிடக்கிறது. எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், உயவு எண்ணெய் ஆகிய மூன்றும் அந்த ஒரே தளத்தைக் கடந்து போகின்றன. மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. வாயு நீர்ப்பாதையில் புகுந்தால் ரேடியேட்டரில் குமிழிகள் எழும். நீர் சிலிண்டருக்குள் போனால் வெண்புகை வரும். நீரும் எண்ணெயும் கலந்தால் எண்ணெய் பால்போல வெளுக்கும். பழைய எஞ்சின்கள் பலவற்றில் கட்டை வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் மேலே ஒரு தளமும் கீழே ஒரு தளமும் வெவ்வேறு அளவுக்கு நகர, நடுவில் கிடக்கும் இது உராய்வைத் தாங்குகிறது.

ஆகவே சொல்லில் 'அடை' என்ற வினை இருந்தே ஆக வேண்டும். இதில் நம்மில் பெரும்பாலோர் ஒன்றுபட்டிருக்கிறோம். 'அடைப்பிதழ்' என்றார் ஒருவர். வால்வுக்கே அப்படி எழுதுவோர் இருக்கிறார்கள். வால்வுகள் உட்கார்ந்திருக்கும் தலைக்கு அடியிலேயே இன்னொரு அடைப்பிதழ் என்றால் வம்பு. ஒட்டும் இடத்தை அடைப்பது என்பதால் 'ஒட்டடை' என்று வந்தது. பொருத்தமான புணர்ச்சிதான், ஆனால் அந்தச் சொல்லைச் சிலந்தி எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

'அடைதகடு' எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. அதைக் கைவிட்டதற்குக் காரணம் ஒரு கேள்வி. தலையைத் தூக்கிவைத்தபின் பழைய கேஸ்கெட்டை உரித்து எடுத்தோம். இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாம் சிலிண்டருக்கும் நடுவே, உலோக வளையங்கள் இரண்டும் நெருங்கும் இடத்தில், விரல்நகத்தின் அகலத்துக்குக் கருகிய தடம் ஒன்று ஓடியிருந்தது. வாயு போன வழி அது. உடன் வேலை செய்த இளைஞரிடம் 'அடைதகட்டை எடுத்து வையுங்கள்' என்றேன். 'துடைத்து வைத்தால் திரும்பப் போடலாமா?' என்று கேட்டார். அவர்மேல் பிழை இல்லை. தகடு என்றால் துடைக்கலாம், நிமிர்த்தலாம், திரும்பவும் போடலாம் என்றுதான் தோன்றும். இதுவோ ஒருமுறை நசுங்கி இடத்துக்கு ஏற்பப் படிந்துவிட்டால் மறுமுறைக்கு உதவாது. மேலும் எல்லா கேஸ்கெட்டும் தகடு இல்லை. காகிதம், தக்கை, ரப்பர் ஆகியவற்றிலும் உண்டு. முற்காலத்தில் கல்நார் கலந்தும் செய்தார்கள். பொருளைச் சொல்லும் பெயர் பொருள் மாறியதும் பொய்யாகிவிடும். வேலையைச் சொல்லும் பெயர் நிற்கும்.

எனவே பொதுப்பெயராக 'இடையடை' என்பதை ஏற்கலாம். அசையாத இரு தளங்களுக்கு இடையே இருந்து அடைப்பது. சுழலும் தண்டைச் சுற்றி அடைப்பது 'சுழலடை'. ஓ ரிங் 'வளையடை'. மூன்றும் ஒரே குடும்பம், ஆனால் ஒன்றை இன்னொன்றாக யாரும் படிக்க முடியாது. பேக்கிங் என்ற ஒரே மூட்டைக்குள் கிடந்தவை இப்படிப் பிரிந்து நிற்பதே எனக்குப் பெரிய ஆதாயமாகப் படுகிறது.

தலைக்கு அடியில் இருக்கும் இடையடை 'தலையிடையடை' ஆக வேண்டும். நாக்கு நான்கு இடத்தில் தடுக்குகிறது. கணிப்பொறி கணினியாகச் சுருங்கியதுபோல் இதையும் சுருக்கித் 'தலையடை' என்கிறேன். 'தலையணைபோல் ஒலிக்கிறதே' என்று ஒருவர் குறைப்பட்டார். அதைக் குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தலைக்கு அடியில் கிடந்து தலையின் சுமையைத் தாங்குவது தலையணை. இதுவும் அங்கேதான் கிடக்கிறது. புதிய சொல் நினைவில் நிற்பதற்கு இப்படியொரு ஒலியுறவு தானாக அமைவது அரிது.

டைமிங் செயினுக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிக நாள் தடுமாறினேன்.

'நேரச் சங்கிலி', 'காலச் சங்கிலி' இரண்டையும் பலர் முன்மொழிந்தீர்கள். காலச் சங்கிலி என்றதும் வரலாற்று நூல் ஒன்றின் தலைப்பு நினைவுக்கு வருகிறதே தவிர எஞ்சின் வருவதில்லை. நேரச் சங்கிலி கடிகாரத்துக்குப் போய்விடுகிறது. ஒலியைவிடப் பெரிய குறை, இரண்டும் பொருளைத் தவறவிடுவது. இந்தச் சங்கிலி நேரத்தை அளப்பதில்லை. கீழே கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு சரியாக ஒரு சுற்றுச் சுற்றும்படி இரண்டையும் பிணைக்கிறது. அதனால்தான் மேல் சக்கரத்தில் கீழ்ச் சக்கரத்தைப்போல் இரு மடங்கு பற்கள். எஞ்சின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் அந்த உறவு மாறுவதில்லை. நொடிக்கணக்கு மாறுகிறது, ஒப்பு மாறுவதில்லை.

'செவ்வி' என்ற பழஞ்சொல்லை நினைவூட்டிய நண்பருக்கு என் நன்றி. ஏற்ற பொழுது என்ற பொருளில் அதைவிட அழகான சொல் தமிழில் இல்லை. ஆனால் ஈழத்தமிழர் இன்று நேர்காணலைச் செவ்வி என்கிறார்கள். பாதிப்பேர் 'நேர்காணல் சங்கிலி' என்று படிக்கக்கூடிய சொல்லை, மனம் வராமல்தான் விலக்கினேன்.

'இசைவு' எனக்குக் கிடைத்தது சொல்லைத் தேடியபோது அல்ல, குறிகளைப் பொருத்தியபோது. புதிய சங்கிலியில் சில கண்ணிகள் மட்டும் பளபளப்பாக இருக்கும். நான் கையேடு எழுதிக்கொண்டிருப்பது டொயோட்டாவின் 22ஆர் குடும்ப எஞ்சினுக்கு; 2,366 கன செ.மீ., நான்கு சிலிண்டர், 1990களின் நடுப்பகுதி வரை அந்நிறுவனத்தின் பிக்கப்புகளில் வந்தது. அதில் ஒற்றைப் பளபளப்புக் கண்ணி கீழ்ச் சக்கரத்தின் குறிக்கு நேராக வர வேண்டும். மேல் சக்கரத்தின் குறி, அடுத்தடுத்த இரண்டு பளபளப்புக் கண்ணிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். கீழே சரியாக வைத்தால் மேலே ஒரு பல் தள்ளிப்போகும். மேலே சரிசெய்தால் கீழே நழுவும். கடைசியில் இரண்டும் ஒருசேர நின்றபோது என் வாயில் தானாக வந்த சொல், 'இசைந்துவிட்டது'.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தைக் கட்டிப் பார்த்தேன். வால்வு திறந்து மூடும் ஒழுங்கு 'வால்வு இசைவு'. பொறி விழும் தருணத்தின் ஒழுங்கு 'பற்றவைப்பு இசைவு'. சக்கரத்தில் வெட்டியிருக்கும் குறி 'இசைவுக்குறி'. முன்மூடி 'இசைவு மூடி'. சங்கிலி ஒரு பல் தாண்டிவிட்டால் 'இசைவு தப்பிவிட்டது'. ஒவ்வொன்றும் தமிழாகவே இருக்கிறது, விளக்கம் கேட்பதில்லை. இதே சோதனையை 'நேர'த்துக்கு வையுங்கள்: நேரக்குறி, நேர மூடி, நேரம் தப்பிவிட்டது. கடைசியைக் கேட்டால் பஸ்ஸைத் தவறவிட்டதுபோல் இருக்கிறது.

இசைவு என்றால் ஒப்புதல், 'இசைவுக் கடிதம்' என்று அலுவலகங்களில் எழுதுகிறார்களே என்ற மறுப்பு வரும். வரட்டும். ஒப்புதல், பொருத்தம் என்ற இரு பொருளும் 'இசை' என்ற ஒரே வினையில் பிறந்தவை, இரண்டு தண்டுகளும் ஒப்பி ஓடுவதுதான் இங்கே நிகழ்வது. 'ஒத்திசைவு' என்று நீட்டலாம் என்போருக்கும் ஒரு சொல்: கணினித் துறையில் அது ஏற்கெனவே வேறு பணியில் இருக்கிறது. எண்ணெய்க் கையோடு இருப்பவர் சொல்லும் சொல் குறுகியதாக இருப்பதும் நல்லது.

பெயர் துல்லியமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் கையேட்டின் முதல் வரைவே சான்று. 'தலைப் போல்ட்டுகள் அனைத்தையும் கழற்றித் தலையைத் தூக்கவும்' என்று எழுதியிருந்தேன். இளைஞர் பத்துப் போல்ட்டுகளையும் ஓரத்திலிருந்து நடுநோக்கி ஒழுங்காகத் தளர்த்தி எடுத்துவிட்டார். தலை அசையவில்லை. நெம்புகோலை எடுக்கப் போனவரை நிறுத்தினேன். தலையின் முன்முனையில், சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் பற்சக்கரத்துக்கு அடியில், ஒரு சிறு குழியில் எண்ணெய் தேங்கி நின்றது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு விரலை விட்டால் போல்ட்டின் தலை தட்டுப்பட்டது. தலையை இசைவு மூடியோடு பிணைக்கும் போல்ட் அது. கட்டையோடு பிணைக்கும் பத்தில் அது சேராது. ஆனாலும் அதை எடுக்காமல் நெம்பியிருந்தால் மூடியின் காது உடைந்திருக்கும். இப்போது 'தலைப் போல்ட்டுகள் பத்து, தலையை மூடியோடு பிணைக்கும் போல்ட் ஒன்று' என்று பிரித்து எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்காகவே மூடிக்கு நல்ல பெயர் வேண்டியிருந்தது.

சிறு சொற்கள் இரண்டு. சங்கிலி 'நீண்டுவிட்டது' என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதலாம், ஆனால் ரப்பர்போல் இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் ஊசிகள் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் கூடும் இம்மி இடைவெளிகள் சேர்ந்து நீளமாகின்றன. அதனால் 'தேய்ந்து நீண்டது' என்று காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். சங்கிலியைத் தளராமல் இறுக்கும் டென்ஷனருக்குத் 'தொய்வுநீக்கி' என்றவருக்கு என் முழு வாக்கு.

சொற்கள் அனைத்தும் ஒரு பத்தியில் எப்படி உட்காருகின்றன என்று பாருங்கள். கையேட்டிலிருந்து:

'பழைய தலையடையின் துணுக்குகளை இரு தளங்களிலிருந்தும் கீறல் விழாமல் சுரண்டி எடுக்கவும். நேர்விளிம்பு ஒன்றைத் தலையின் தளத்தில் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்துக் கோட்டம் இருக்கிறதா என்று பார்க்கவும். இசைவு மூடியின் சுழலடையையும் இடையடைகளையும் புதிதாகப் போடவும். புதிய தலையடையை வைத்துத் தலையை இறக்கவும். தலைப் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி மூன்று சுற்றாக, இறுதியில் 78 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கவும். இசைவுச் சங்கிலி பூட்டிய மேல் சக்கரத்தைக் கேம் தண்டில் மாட்டவும். எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, இசைவுக்குறிகள் திரும்பவும் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கவும். பளபளப்புக் கண்ணிகள் அப்போது குறிகளுக்கு நேராக வராது. அதைப் பிழை என்று எண்ண வேண்டாம்.'

இந்தப் பத்தியை எஞ்சின் வேலை தெரிந்த, கலைச்சொல் விவாதத்தில் கலந்துகொள்ளாத இருவரிடம் படிக்கக் கொடுத்தேன். சுழலடை என்ற இடத்தில் ஒருவர் நின்று, 'ஆயில் சீலா?' என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். மற்றபடி இருவருமே இறுதிவரை தடையின்றிப் படித்தார்கள்.

எனக்கு நிறைவு தராத சொல் ஒன்று மீதம் இருக்கிறது. சங்கிலி அலையாமல் இருபுறமும் அணைத்து நிற்கும் பட்டைகளைச் 'செயின் கைடு' என்கிறோம். பிற்காலத்தில் அவற்றைப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அவை உடைந்தால் சங்கிலி தறிகெட்டு அடித்து மூடியின் உட்சுவரை அறுக்கிறது. சுவர் அறுந்தால் நீர் எண்ணெயில் இறங்குகிறது, தலையடை போய்விட்டது என்று எண்ணித் தலையைக் கழற்றியவர்களும் உண்டு. இத்தனை முக்கியமான உறுப்புக்கு 'வழிகாட்டி' என்ற பெயர் பொருந்தவில்லை. அது வழி காட்டுவதில்லை, அணைத்துப் பிடிக்கிறது. 'அணைபட்டை' என்று இப்போதைக்கு எழுதி, பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால், அந்த அத்தியாயத்தை முடிப்பதற்குள் அனுப்புங்கள்.

அன்புடன்