ஆன்லைன் உடற்பயிற்சி வகுப்பா, ஏரியைச் சுத்தி நடையா? (கொடைக்கானல் காலேஜ் மக்கள் வாங்க)

மூஞ்சிக்கல் மாணவி:
எங்க காலேஜ்ல இந்த செமஸ்டர் பி.டி. பீரியடை எடுத்துட்டு, சாயங்காலம் 6.30-க்கு ஜூம்ல உடற்பயிற்சி வகுப்பு வச்சாங்க. வாரம் 4 நாள், 40 நிமிஷம், மொத்தம் 8 வாரம். ஸ்குவாட், பிளாங்க், நின்ன இடத்துலயே ஓட்டம், கடைசியில கொஞ்சம் யோகா. ஆரம்பத்துல ஒரு ஸ்டெப் டெஸ்ட், முடிவுல ஒண்ணு. மூணு நிமிஷம் ஒரு படியில ஏறி இறங்கி நின்னதும் எனக்கு நாடி முதல்ல 172, இப்ப 148. ஆன்லைன் வகுப்பு ஏமாத்து வேலைன்னு சொல்றவங்க இதுக்குப் பதில் சொல்லுங்க.

பூம்பாறைக்காரன்:
கொடைக்கானல்ல இருந்துக்கிட்டு போன் முன்னாடி குதிக்கிறீங்களா! ஏரியைச் சுத்தினா 5 கிலோமீட்டர். காசு கேக்காது, நெட்டும் வேணாம். எங்க அப்பாவுக்கு 58 வயசு. பூண்டு மூட்டையோட வயல்ல இருந்து ரோட்டுக்கு ஏறிட்டு, மூச்சு வாங்காம பீடி பத்த வைப்பார். (பீடியை நான் சரின்னு சொல்லல.) அவருக்கு எந்த ஜூம்?

மூஞ்சிக்கல் மாணவி:
அண்ணே, 6 மணிக்கு எங்க ஹாஸ்டல் கேட்டை மூடிருவாங்க. மூடலைன்னாலும் போக முடியாது. போன வாரம் கேட்டுக்கு நேரா ரெண்டு காட்டுமாடு படுத்துக் கிடந்துச்சு, வாட்ச்மேன் ஒரு மணி நேரம் உள்ளயே நின்னார். ஐப்பசியில மழை, அப்புறம் மூடுபனி. உங்களுக்கு ஏரி, எங்களுக்குக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவுல ஆறடி.

திண்டுக்கல் பிசியோ:
ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஏத்தம் ஏறுறது இதயத்துக்கும் தொடைக்கும் நல்ல வேலை. இறக்கத்துல தொடைத் தசை நீண்டுக்கிட்டே பாரம் தாங்கும், பழகாதவங்களுக்கு ரெண்டு நாள் வலிக்கிறது அதனாலதான். ஆனா தோளுக்கும் கைக்கும் நடையில ஒண்ணும் கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது: வாரம் 150-லிருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூடவே 2 நாளாவது தசை வலுவுக்கான பயிற்சி. பாப்பாவோட வகுப்பு வாரத்துக்கு 160 நிமிஷம். அளவு சரிதான், செஞ்சா.

நாயுடுபுரம்:
அந்த "செஞ்சா"தான் விஷயம். நானும் அதே வகுப்புதான். முதல் நாள் 64 பேர், கடைசி நாள் 27. அந்த 27-லயும் பாதிப் பேர் கேமரா ஆஃப். என் ரூம்மேட் ரஜாய்ப் போர்வைக்குள்ள படுத்துக்கிட்டே "யெஸ் மேடம்" சொல்லிட்டு இருந்தா. முடிவுல டெஸ்ட் எடுத்தது இந்த 27 பேருக்கு மட்டும். விட்டுட்டுப் போனவங்க நாடியை யார் பாத்தா?

வத்தலக்குண்டு வாத்தியார்:
நான் உடற்கல்வி ஆசிரியர். மாணவிக்கு ஒரு கேள்விம்மா. சொந்த ஊர் எது, மலைக்கு வந்து எத்தனை நாள்ல முதல் டெஸ்ட்?

மூஞ்சிக்கல் மாணவி:
நிலக்கோட்டை சார். ஹாஸ்டலுக்கு வந்த நாலாவது நாள்.

வத்தலக்குண்டு வாத்தியார்:
அப்ப அந்த 172-ல மலைக்கும் பங்கு இருக்கு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். கீழேயிருந்து புதுசா வர்றவங்களுக்கு அதே வேலைக்கு நாடி எகிறும். சில வாரத்துல உடம்பு பழகினதும் தானா இறங்கும். நீ ஒரு ஸ்குவாட்கூடப் போடாம இருந்திருந்தாலும் 172 அப்படியே நின்னிருக்காது. வகுப்பு வீண்னு சொல்லல. அந்த எண் வகுப்புக்கு மட்டும் சாட்சி ஆகாது.

நாயுடுபுரம்:
நான் இங்கயே பிறந்து வளர்ந்தவ சார். எனக்கு 152 இருந்தது 144.

வத்தலக்குண்டு வாத்தியார்:
பாத்தீங்களா, அவளுக்கு 24, உனக்கு 8. ரெண்டு பேரை வச்சு முடிவு கட்டக் கூடாதுதான். ஆனாலும் இந்த வித்தியாசத்தைத்தான் முதல்ல தோண்டணும்.

மூஞ்சிக்கல் மாணவி:
சரி சார், நாடியை விடுங்க. முட்டி ஊன்றிப் புஷ்-அப் எனக்கு ஒண்ணுகூட வரல, இப்ப 12 போடுறேன். அதுவும் மலைக்காத்தா?

திண்டுக்கல் பிசியோ:
அது முழுக்க உன் உழைப்பு. வாத்தியார் சாரும் ஒத்துக்குவார்.

வத்தலக்குண்டு வாத்தியார்:
ஒத்துக்கிட்டேன். இன்னொண்ணு, படி உயரம் என்ன? ஸ்டெப் டெஸ்ட்ல குயின்ஸ் காலேஜ் முறைன்னு ஒண்ணு இருக்கு, அதுன்னா 41.3 சென்டிமீட்டர், பெண்கள் நிமிஷத்துக்கு 22 தடவை ஏறி இறங்கணும். நின்ன அஞ்சாவது விநாடியிலேருந்து 15 விநாடி எண்ணி, நாலால பெருக்கணும்.

மூஞ்சிக்கல் மாணவி:
எண்ணினதெல்லாம் அப்படித்தான் சார். உயரம் தெரியல, தையல் டேப் வாங்கி அளந்துட்டு வரேன்.

மூஞ்சிக்கல் மாணவி:
அளந்தாச்சு. முதல் டெஸ்ட் மெஸ் பெஞ்சுல, 17 அங்குலம். அன்னைக்கு மெஸ்ல பெயின்ட் அடிச்சதால ரெண்டாவதை ஹால் மேடைப்படியில எடுத்தாங்க. 13 அங்குலம்.

நாயுடுபுரம்:
அடிப்பாவி, என்னோட 8-ம் போச்சா!

வத்தலக்குண்டு வாத்தியார்:
படி தாழ்ந்தா வேலையும் குறையும், நாடியும் குறையும். அதே பெஞ்சுல திரும்ப எடுங்க. நின்னுபோனவங்களையும் கூப்பிடுங்க, ரஜாய்க்காரி உட்பட.

மூஞ்சிக்கல் மாணவி:
சனிக்கிழமை காலையில எடுக்கிறோம் சார். பி.டி. மேடம்கிட்ட கேட்டுட்டேன்.

பூம்பாறைக்காரன்:
பெஞ்சைக் கேட்டுக்கு வெளிய போடுங்கம்மா. அப்பாவைக் கூட்டிட்டு வரேன்.