மறுநாள் வலிக்கவில்லை என்றால் ஒர்க்அவுட் வீணா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரும்புப்பிரியன்

என்னோடு ஜிம்முக்கு வரும் நண்பர் ஒருவர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கால் வலிக்கவே இல்லையே, சரியாப் பண்ணலையோ?" அவர் ஸ்குவாட் செய்வதை ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் நின்று பார்த்து வருகிறேன். வெறும் கம்பியோடு உட்கார்ந்து எழவே தடுமாறியவர், இப்போது இரண்டு பக்கமும் தட்டு மாட்டி, இடுப்பு நன்றாக இறங்க உட்கார்ந்து எழுகிறார். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனாலும் வலி இல்லாததால் அவருக்கு மனசு ஒப்பவில்லை. செட்டுகளை, அதாவது பயிற்சிச் சுற்றுகளை, கூட்டிக்கொண்டே போனார். ஒருநாள் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டு, அடுத்த பயிற்சிக்கே வர முடியவில்லை. "இப்பதான் செமையா வேலை செஞ்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டார். அந்த வாரம் கால் பயிற்சியே நடக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

என் உடம்பில் நான் கவனித்தவரை, உடம்புக்குப் பழக்கமில்லாத ஒன்றைச் செய்தால்தான் வலி வருகிறது. இடைவெளி விட்டுத் திரும்பும்போது வலிக்கும். புது அசைவு ஒன்றைச் சேர்த்தால் வலிக்கும். அதே பயிற்சியை, அதே எடையில், அடுத்த வாரம் செய்தால் வலி வெகுவாகக் குறைந்துவிடும். முதல் தடவையே தசை தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது, அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள்கூட நீடிக்கும். அப்படியானால் ஒழுங்காக, விடாமல் வருகிறவருக்கு வலி குறைவாக இருப்பதுதானே இயல்பு?

உங்களுக்கு எப்படி?

மலைப்பாதை

இதற்கு என்னிடம் நல்ல உதாரணம் இருக்கிறது. மலையேறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், சட்டை நனைந்துவிடும். இறங்கும்போது பேசிக்கொண்டே வரலாம். ஆனால் அடுத்த இரண்டு நாள் படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எதனால் தெரியுமா? அந்தச் சுலபமான இறக்கத்தால்தான். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. தசைக்கு நுண்ணிய சேதம் அதிகம் ஏற்படுவது அப்படித்தான். டம்பெல்லைத் தூக்குவதைவிட மெதுவாக இறக்குவது அதிகம் வலிப்பதற்கும் இதுவே காரணம். சைக்கிளில் அப்படி இறக்கும் வேலை கிடையாது, அதனால் களைத்துப்போகும்வரை மிதித்தாலும் வலி குறைவு.

உழைப்பின் அளவைத்தான் வலி சொல்கிறது என்றால், எனக்கு ஏற்றம் அல்லவா வலித்திருக்க வேண்டும்?

காலைநேரம்

எங்கள் ட்ரெயினர் இதை "லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கு" என்பார். நானும் பல காலம் அப்படித்தான் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். இந்த வலியோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்தைத் தொடுகிறது. தசைக்குள் ஏற்படும் சேதம்தான் காரணமாக இருக்கும் என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் 1902லேயே எழுதிவிட்டார்.

அக்காவின் தம்பி

ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். என் அக்கா நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு குழுப் பயிற்சிக்குப் போனார். சொல்லிக்கொடுத்தவர், "வலிச்சாதான் பலன், நிறுத்தாதீங்க" என்று விரட்டியிருக்கிறார். மறுநாள் கை வீங்கி, முழங்கையை நீட்டவே முடியவில்லை. சாதாரண வலிதான் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னோம். அப்புறம் சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் போனது. ரத்தப் பரிசோதனையில், தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதியின் அளவு மிகவும் ஏறியிருந்தது. ராப்டோமயோலிசிஸ் என்றார்கள். தசை அளவுக்கு மீறிச் சிதைந்து, அதிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை. ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

சிறுநீர் கருத்தாலோ, வீக்கமும் பலவீனமும் சேர்ந்து வந்தாலோ, தயவுசெய்து காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.

இரும்புப்பிரியன்

இதை எழுதியதற்கு மிகவும் நன்றி. அக்கா குணமானது பெரிய நிம்மதி.

நான் நம்புவது என் நோட்டைத்தான். எந்த எடை, எத்தனை ரெப் (அதாவது எத்தனை தடவை தூக்கினேன்), கடைசி ரெப்பில் முதுகு நேராக இருந்ததா, இவ்வளவுதான் அதில் எழுதுவேன். போன மாதம் திணறிய எடையில் இந்த மாதம் இரண்டு ரெப் கூடியிருந்தால், அந்தப் பயிற்சி வேலை செய்திருக்கிறது. எனக்குத் தோள்பட்டை வலித்ததே அபூர்வம், ஆனால் அதில்தான் நல்ல முன்னேற்றம். கெண்டைக்கால் எதற்கெடுத்தாலும் வலிக்கும், அதில் பெரிதாக மாற்றமே இல்லை.

வலியோடு பயிற்சி செய்யலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். தசை பொதுவாகக் கனத்து, தொட்டால் வலிக்கிற மாதிரி இருந்தால், மெதுவான நடையோ லேசான அசைவோ நல்லது, கொஞ்ச நேரத்துக்கு இலகுவாக இருக்கும். அன்று வேறு தசைக்குப் பயிற்சி கொடுக்கலாம். வழக்கமான எடையே கனமாகத் தெரிந்தால் இன்னும் ஒருநாள் விடுங்கள். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினாலோ, பயிற்சியின் நடுவிலேயே ஓரிடத்தில் பளிச்சென்று வலித்தாலோ, அது வேறு கதை. அங்கேயே நிறுத்திவிடுங்கள்.