எந்த வீட்டுக்கு எந்தக் குறள்? அனுபவப் பகிர்வு

தக்கலை, பிளெக்ஸ் வடிவமைப்பு:
கண்ணீர் அஞ்சலிக்கு 339-ஆம் குறளை நிறையப் பேர் கேட்பார்கள்.

உறங்குவது போலுஞ் சாக்காடு உறங்கி
விழிப்பது போலும் பிறப்பு

இதைச் சீர் பிரித்து "உறங்கு வதுபோலுஞ்" என்று அடித்தால், இறந்தவர் படத்துக்குக் கீழே 'உறங்கு' என்று ஏவுவதுபோல் நிற்கும். சொல் பிரித்தே அடியுங்கள். அகலம் போதவில்லையா, எழுத்தைச் சிறிதாக்குங்கள்; நாலு சீரும் மூணு சீருமான வரியை உடைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோடு எழுத்தைப் பழைய எழுத்துருவில் ஒட்டினால் கொம்பும் காலும் சிதறும், முதலில் "போ"வைப் பாருங்கள். அச்சுக்கு விடும் முன் வீட்டில் ஒருவர் வாய்விட்டு வாசிக்கட்டும். கண் தாண்டிவிடும் பிழை நாக்கில் தட்டும்.

"தோன்றின் புகழொடு தோன்றுக" கேட்பவர்களும் உண்டு. அடுத்த வரி "அஃதிலார் தோன்றலின் தோன்றாமை நன்று". எளிமையாக வாழ்ந்து போனவர் வீட்டில் அது நெஞ்சைக் கீறும். வேண்டாம்.

நாகர்கோவில், கல்லெழுத்து:
339-இல் ஒற்றும் சேர்த்து 29 எழுத்து, சிறிய கல்லறைப் பலகையிலும் அடங்கும். ஆனால் கருங்கல்லில் ஓர் எழுத்து தவறினாலும் அதை மட்டும் திருத்த முடியாது, முகப்பு முழுவதையும் இழைக்க வேண்டும். முதலில் காகிதத்தில் முழு அளவில் எழுதி, கல்லில் ஒட்டிப் பார்த்து, வீட்டார் கையெழுத்துப் போட்ட பிறகே உளி வைக்க வேண்டும்.

குளச்சல்:
2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு கரை திரும்பாதவர்களின் படத்துக்கு 339-ஐப் போடாதீர்கள், மக்களே. உடலைக் காணாத தாய்க்கு 'சாக்காடு' என்ற சொல்லே பெரிய பாரம். 'மறைவு' என்று தேதி போடாமல் 'கடலுக்குச் சென்ற நாள்' என்று போடலாம். குறளே வேண்டும் என்றால் 71:

அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர்
புன்கணீர் பூசல் தரும்

மார்த்தாண்டம், அழைப்பிதழ் அச்சு:
அதே 71-ஐக் கல்யாண அழைப்பிதழில் கேட்கிறார்கள்! முதல் வரி இனிக்கும். இரண்டாம் வரியில் வருவது கண்ணீர். கல்யாணத்துக்கு 45 போதும், "அன்பும் அறனும் உடைத்தாயின்". கன்னியாகுமரிப் பாறைச் சிலையில் 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரம், மேலே 95 அடி பொருளும் இன்பமும். அந்தக் கணக்கு மனதில் இருந்தால் வரி எந்தப் பாலில் வருகிறது என்று பார்க்கத் தோன்றும். 71, 45 இரண்டும் அறத்துப்பால். காதல் வேண்டுமானால் இன்பத்துப்பாலுக்குப் போக வேண்டும். வளைகுடாவுக்குப் புறப்படுகிறவனிடம் மனைவி சொல்ல 1151-ஐ விஞ்சியது இல்லை: "செல்லாமை உண்டேல் எனக்குரை". நீ போகவில்லை என்றால் மட்டும் என்னிடம் சொல். சீக்கிரம் வருவேன் என்பதை, அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல்.

தக்கலை, மீண்டும்:
துரோகத்துக்கு 828-ஐ ஸ்டேட்டஸில் வைப்பார்கள்: "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும் ஒன்னார் அழுதகண் ணீரும் அனைத்து". 'ஒன்னார்' என்றால் பகைவர். சொத்துத் தகராறில் அண்ணன் தம்பிக்குள் இதை வைத்தால், பேசித் தீர்க்கும் வழியும் அடைபடும்.

ப்ளஸ் டூவில் தோற்ற பிள்ளைக்கு 621-இன் "நகுக" கேலியாகப் படும். 624-ஐக் கொடுங்கள், "மடுத்தவா யெல்லாம் பகடன்னான்". தடைப்பட்ட இடமெல்லாம் மூச்சுப்பிடித்து வண்டியை இழுக்கும் எருது அது. பொருளையும் கீழே எழுதிக் கொடுங்கள். 'பகடு' என்றால் எருது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் தெரியும்.