குள்ளர் வீட்டுக்குள் கை விட்டேன்

அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் என் மாமா மேஸ்திரி. கோடை விடுமுறை விட்டதும் சேலத்திலிருந்து பஸ் ஏறிவிடுவேன். தோட்டத்து எல்லையைத் தாண்டினால் ஒரு பாறை மேடு. அதில் நாலைந்து கல் வீடுகள் இருந்தன. சுற்றிலும் பலகைக் கல், மேலே ஒரே மூடுகல், கிழக்குப் பார்த்த கல்லில் மட்டும் ஒரு வட்ட ஓட்டை. உயரம் என் இடுப்பளவுதான்.

ஒருநாள் பந்து உருண்டு அந்த ஓட்டைக்குள் போய்விட்டது. தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். வெளியே நல்ல வெயில், உள்ளே மண் ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிர் இன்னும் நினைவிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு சத்தம்: “தம்பி, கையை எடு! அவங்க வீடு அது.”

மாடு மேய்க்க வந்த மலையாளிப் பெரியவர் அவர். கேரளத்துக்காரர் இல்லை, இந்த மலையிலேயே வாழும் பழங்குடிக்கு அந்தப் பெயர். திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி உட்கார்ந்து கதை சொன்னார். குள்ளர்கள் ஒரு முழ உயரமாம், ஆனால் பாறையைத் தூக்கும் வலுவாம். முயலைப் பூட்டி ஏர் ஓட்டினார்களாம். வானத்திலிருந்து நெருப்பு மழை வரப்போகிறது என்று தெரிந்ததும் கல்லால் வீடு கட்டி உள்ளே போய்விட்டார்கள். “மழை நின்னுபோச்சு. அவங்க வெளிய வரவே இல்ல.” பந்தை நான் திரும்பக் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து அம்மாயியிடம் சொன்னால், அவர் வேறு கதை வைத்திருந்தார். பாண்டவர் வனவாசத்தில் தங்கிய வீடாம். அந்தக் காலத்தில் யாரும் சாகவே மாட்டார்களாம். சுருங்கிச் சுருங்கிக் குழந்தை அளவுக்கு வந்ததும் அரிசியும் விளக்கும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிடுவார்களாம்.

அது வீடில்லை, இறந்தவர்களுக்காகக் கட்டிய கல்திட்டை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரும்புக் காலத்தில் இறந்தவர்களின் எலும்புகளைப் பொறுக்கி எடுத்து, கறுப்பு சிவப்புப் பானைகளோடு உள்ளே வைப்பது வழக்கம். அதற்கும் முந்திய புதிய கற்காலத்துக் கல் கோடரிகளும் இந்த மலையில் கிடைத்திருக்கின்றன. ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் வழவழவென்று தேய்த்த இரண்டு கோடரிகளுக்குக் குங்குமம் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். இங்குள்ள ஹோலி டிரினிட்டி சர்ச்சில் அவருடைய அஸ்தி இருக்கிறது.

போன வருடம் அந்த மேட்டுக்குப் போனேன். இரண்டு வீடுகளில் மூடுகல்லைக் காணோம். மூன்றாவதில் நடுவே ஆளுயரப் பள்ளம். புதையல் தேடித் தோண்டியிருக்கிறார்கள். பானை உடைசல்கள் வெளியே கிடந்தன. பெரியவர் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அதனால்தான் இடத்தின் பெயரை எழுதவில்லை, கேட்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு மேட்டூரிலிருந்து ஒருவர் எழுதியது:

படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது, தம்பி. எங்கள் பக்கத்து நடப்பையும் சொல்கிறேன். தெலுங்கனூரில் இப்படியொரு ஈமக்குழியில் கிடைத்த உயர் கார்பன் எஃகு வாளின் காலம் கி.மு. 1435–1233 என்று பகுப்பாய்வில் வந்திருக்கிறது. மூவாயிரம் வருடத்துக்கு மேல்! எங்கள் தமிழாசிரியர், “அது பாண்டவர் குழி இல்லடா, மாண்டவர் குழி” என்பார். நாங்கள் எங்கே கேட்டோம்? அணையில் தண்ணீர் வற்றினால் கரையில் தாழி ஓடு கிடக்கும். பொறுக்கித் தண்ணீர்மேல் தவளைக்கல் விட்டு விளையாடியிருக்கிறோம். எத்தனை பேருடைய தாழியோ! இரண்டு ஓடு மட்டும் வீட்டில் இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசில்லை. என்ன செய்யலாம்?

என் பதில்: சேலம் அரசு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள், அண்ணா. எந்தக் கரையில், எந்த வருடம் எடுத்தது என்று நினைவிருக்கும்போதே ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைத்துவிடுங்கள். தண்ணீரில் அலசித் தேய்க்க வேண்டாம், மண்ணோடே கொடுங்கள்.