அன்றாட வேலைகளில் கிடைப்பது உண்மையான ஆறுதல்தானா?

கேள்வி:
அம்மா இறந்து ஓராண்டு ஆகிறது. பெரிய தத்துவங்களைச் சொல்லிப் பலரும் என்னைத் தேற்ற முயன்றார்கள். ஆனால் இரவில் பாத்திரங்களைக் கழுவும் அந்த 10 நிமிடங்களில் மட்டுமே மனம் அமைதி அடைகிறது. இது ஆறுதலா, துக்கத்தைத் தள்ளிப்போடுவதா?

மறுமொழி:
தள்ளிப்போடுவதாக எனக்குத் தோன்றவில்லை. கைகள் நீரில் நனைந்திருக்க, கவனம் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு நகரும்போது நம்மை அறியாமலே மூச்சு நிதானப்படுகிறது. மூச்சை மெதுவாக வெளியே விடுகையில் மூளையை இதயத்தோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பும் தணிகிறது. கணவரை இழந்த நாட்களில் துணி மடிப்பதே எனக்குப் பிடிமானமாக இருந்தது. அவருடைய சட்டையின் காலர் ஓரத்தில் நூல் பிரிந்திருப்பதைக் கண்டு, அதைத் தைத்து முடித்த பிறகுதான் முதன்முறையாக வாய்விட்டு அழுதேன்.

மறுமொழி:
மேலே எழுதியவர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் உறக்கமும் பசியும் பல வாரங்களாகக் குலைந்திருந்தால், மருத்துவரிடம் பேசத் தயங்காதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு அம்மாவின் டம்ளரைக் கழுவி நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு அதை அலமாரியின் உள்ளே வைக்காமல், நான் தினமும் எடுக்கும் இடத்திலேயே வைத்தேன்.